தானத்தோஸ் என்றால் ‘பிரிவு’ என்றுதான் அர்த்தமா? அப்பாவின் கல்லறைக் கல்லுக்காகக் கேட்கிறேன்

கடைமடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கிரேக்கம் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைக்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பொறையாறு பக்கம். வீரசோழன் ஆற்றுப் பாசனத்தில் வால் பகுதி. போன தை மாதம் அப்பா தவறிவிட்டார். வயது 81. சம்பா அறுப்பு முடிந்து, களத்தில் கடைசி மூட்டையைத் தைத்து, வைக்கோலைப் போர் போட்ட மறுநாள். அந்தக் கணக்கில் நல்ல சாவு என்றுதான் ஊரில் சொன்னார்கள்.

அடக்க ஆராதனையில் எங்கள் ஐயர் (லுத்தரன் சபையில் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள்) ரோமர் 6:23-ஐ எடுத்துப் பேசினார். “பாவத்தின் சம்பளம் மரணம்.” இதில் மரணம் என்பதற்குக் கிரேக்கத்தில் தானத்தோஸ் என்று வருகிறது, அதற்கு மூலத்தில் ‘பிரிவு’ என்றுதான் பொருள் என்றார். உடலைவிட்டு உயிர் பிரிவது ஒன்று, தேவனைவிட்டு மனிதன் பிரிவது இரண்டு, என்றென்றைக்கும் பிரிவது மூன்று. கேட்கும்போது கச்சிதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் எங்கேயோ உறுத்துகிறது.

உறுத்துவதற்குக் காரணம் கல். முதல் வருட ஜெபத்துக்குள் கல்லறையில் கல் வைத்துவிட வேண்டும். கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு 30 ரூபாய் கேட்கிறார், புள்ளி வைத்த எழுத்தானாலும் அதே காசு. பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. கடைசி வார்த்தையில் வீடே மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. (பிரிவு என்றால் இதுதான் பிரிவு.)

அக்கா சென்னையில் இருக்கிறார். “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்றுதான் போட வேண்டும், நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லிலும் அப்படித்தானே இருக்கிறது என்கிறார். நான் “மரித்தார்” போதும் என்றேன். காசுக்காக இல்லை. அப்பா வாயில் காலமானார், இயற்கை எய்தினார் எல்லாம் வந்ததே கிடையாது. “செத்துப்போயிட்டான்டா, பாவம்” என்பார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போய்விடுவார். எங்கள் செவலைக்காளை செத்தபோதும் அதே வார்த்தைதான், அதே மண்வெட்டிதான். இதைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம். “மாட்டுக்கும் அப்பாவுக்கும் ஒரே வார்த்தையாடா?” சபை மூப்பர் ஒருவர் வேறு, விசுவாசிக்கு மரணமே இல்லை, ‘மரித்தார்’ என்று வெட்டுவது அவிசுவாசம் என்று அக்காவுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்.

அம்மா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. “தூங்குறார்னு மட்டும் போட்டுடாதே. அந்த மனுசன் என்னைக்குத் தூங்குனாரு?”

அதுவும் உண்மைதான். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் எங்கள் வாய்க்காலுக்கு ராத்திரியில்தான் தண்ணீர் எட்டும். பகலில் மேலே இருக்கிறவர்கள் எடுத்தது போக மிச்சம் வர வேண்டுமே. பத்து மணிக்கு மேல் டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிளம்புவார். எதிர் மடையை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்துவிட்டு, நம் மடையைத் திறந்துவிட்டு, வரப்பில் குந்தியிருப்பார். கடைசி வயல் நிறைய மூன்று மணி, நான்கு மணி ஆகும். சின்ன வயதில் ஒருமுறை கூடப் போனேன். நான் தூங்கி வழிந்து வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தேன். அவர் கண் மூடவில்லை.

என் கேள்வி இவ்வளவுதான். தானத்தோஸ் என்றால் பிரிவா, சாவா? நித்திரை என்று வருகிற இடமெல்லாம் கிரேக்கத்தில் வேறு வார்த்தையா? ‘மரித்தார்’ என்று போட்டால் தப்பா?

—

ஆக்கூர் முக்கூட்டு:

இதுக்கெல்லாமா கிரேக்கம்? ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று போட்டுவிட்டுப் போங்கள். எங்கள் தெருவில் எல்லா போஸ்டரிலும் அதுதான். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அப்பாவுக்கு என் அஞ்சலி.

—

மாயவரத்து வாத்தியார்:

தம்பி, நான் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்துவிட்டு, பிறகு பள்ளிக்கூட வாத்தியாராகவே காலத்தை ஓட்டியவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்வியிலிருந்தே ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். “அப்பா தவறிவிட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு கிரேக்கர் தமிழ் படித்துவிட்டு அவர் ஊர்ப் பிரசங்கத்தில், “தமிழர்கள் சாவைத் ‘தவறு’ என்கிறார்கள், ஆகவே சாவது ஒரு குற்றம் என்பது அவர்கள் எண்ணம்” என்று பேசினால் என்ன சொல்வீர்கள்? சிரிப்பீர்கள். ‘தவறிவிட்டார்’ என்றால் செத்துப்போனார், அவ்வளவுதான். வேரைத் தோண்டி அர்த்தம் எடுப்பதில் உள்ள ஆபத்து இது. தானத்தோஸ் விஷயத்தில் வேரில்கூடப் ‘பிரிவு’ கிடையாது. சாவதைச் சொல்லும் வினை த்னேஸ்கோ, அதன் பெயர்ச்சொல் தானத்தோஸ். புதிய ஏற்பாட்டில் அதிகம் வரும் வினை அப்போத்னேஸ்கோ. அதில் முன்னால் ஒட்டியிருக்கிற ‘அப்போ’ தனியாக வரும்போது ‘விட்டு, அப்பால்’ என்று பொருள்படும். பிரிவு என்கிறவர்கள் சிலர் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் ‘செத்துப் போனான்’ என்கிறோமே, அந்தப் ‘போனான்’ எங்கேயும் போகவில்லை அல்லவா, அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமிருந்தால் வார்த்தையை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வெளிப்படுத்தின விசேஷம் 6:8. மங்கின நிறக் குதிரைமேல் ஏறியிருந்தவனுக்கு மரணம் என்று பெயர். அங்கே தானத்தோஸ். அதே வசனத்தில் பட்டயத்தினாலும், பஞ்சத்தினாலும், ‘சாவினாலும்’ கொல்லும் அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று வருகிறது. அதுவும் தானத்தோஸ்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு ஒரே வார்த்தையை ஒரே வசனத்தில் முதலில் மரணம் என்றும் அப்புறம் சாவு என்றும் எழுதியிருக்கிறது. இப்போது இரண்டாவது இடத்தில் ‘பிரிவினாலும்’ என்று போட்டுப் படியுங்கள். நிற்கிறதா? அந்த இடத்தில் பொருள் கொள்ளைநோய். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கொள்ளைநோய் என்கிற சொல்லுக்குப் பல இடங்களில் தானத்தோஸ் என்றே போட்டார்கள். யாத்திராகமம் 9:3-இல் எகிப்தியரின் ஆடுமாடுகளுக்கு வருகிற நோயும் கிரேக்கத்தில் ‘பெரிய தானத்தோஸ்’தான். ஆகவே மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே வார்த்தையா என்று அக்கா கேட்டால், கிரேக்க வேதத்தில் ஆமாம் என்று சொல்லுங்கள். (நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.)

உங்கள் ஐயர் சொன்ன போதனையைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. பாவத்தில் மரித்தவர்கள் என்று எபேசியர் 2:1 சொல்லும்போது உயிரோடு நடமாடுகிறவர்களைத்தான் சொல்கிறது. கெட்ட குமாரன் கதையில் தகப்பன் “என் குமாரனாகிய இவன் மரித்தான்” என்கிறான், பையனோ பன்றி மேய்த்துவிட்டு முழுசாக வந்து நிற்கிறான். இந்த இரண்டு இடத்திலும் இருப்பது நெக்ரோஸ், அதாவது செத்தவன் என்கிற சொல். சாவு என்கிற சொல்லை வைத்து உறவு அற்றுப்போனதைச் சொல்கிற வழக்கம் வேதத்தில் உண்டு. ஆனால் அந்தப் பேச்சுக்கு வலு வருவதே சொல்லுக்குச் சாவு என்று அர்த்தம் இருப்பதால்தான். பிரிவு என்று இளக்கிவிட்டால் ஊருக்குப் போன மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது நித்திரை. ஆமாம், வேறு சொல். கொய்மாவோ. ‘கிடத்தல்’ என்கிற பொருளுள்ள கெய்மாய் என்னும் சொல்லோடு உறவுடையது. நோயில் விழுந்தவரை நம் பக்கம் “கிடையாகக் கிடந்தார்” என்கிறோம், அறுத்த வயலில் ஆட்டைக் கிடை போடுகிறோம், அந்த மாதிரி ஒரு படுத்துக் கிடத்தல். கொய்மேத்தேரியோன் என்றால் படுத்துத் தூங்கும் இடம். கிறிஸ்தவர்கள் அதைக் கல்லறைத் தோட்டத்துக்கு வைத்தார்கள். நம் ஆட்கள் ‘செமெட்ரி’ என்கிறார்களே, அது இதிலிருந்து வந்ததுதான். ஸ்தேவான் கல்லடி பட்டு ‘நித்திரையடைந்தான்’ என்று அப்போஸ்தலர் 7:60 முடிகிறது. கல்லடி பட்டுச் செத்தவனுக்கு இந்த வார்த்தை. யவீருவின் மகளைப் பற்றி இயேசு “பிள்ளை மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறாள்” என்கிற இடத்தில் கதெவ்தோ என்கிற இன்னொரு சொல்.

தூக்கமும் சாவும் சேர்ந்து வருவது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. ஹோமர் காவியத்தில் தூக்கமும் சாவும், ஹிப்னோஸும் தானத்தோஸும், இரட்டைப் பிள்ளைகள். போரில் விழுந்த சர்ப்பேதோன் உடலை அவர்கள் இருவரும்தான் தூக்கிக்கொண்டு போய் அவன் ஊரில் சேர்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு யோவான் 11-இல் இருக்கிறது. லாசரு “நித்திரையடைந்திருக்கிறான்” என்று இயேசு சொல்கிறார். சீஷர்கள், அப்படியானால் சுகமடைவான் என்கிறார்கள். பாவம், நிஜத் தூக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் 14-ஆம் வசனத்தில் அவரே “லாசரு மரித்துப்போனான்” என்று வெளிப்படையாய்ச் சொல்கிறார். இரண்டு வார்த்தையும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அவிசுவாசம் என்று சொன்ன மூப்பரிடம் வெளிப்படுத்தின விசேஷம் 14:13-ஐக் காட்டுங்கள். “கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள்” என்றுதான் இருக்கிறது.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே தேடிப் போய் விழ வேண்டாம். கொய்மாவோ செய்வினையில் வந்தால் ‘தூங்க வைத்தல்’. ஸ்தேவானுக்கு வருவது எக்கொய்மேத்தே, வடிவத்தில் செயப்பாட்டுவினை. உடனே ‘தூங்க வைக்கப்பட்டான், தேவனே தாலாட்டினார்’ என்று கண்ணீர் வர வைக்கும் பிரசங்கம் ஒன்று தயாராகிவிடும். வேண்டாம். சாதாரணமாகத் தூங்கிப்போவதற்கும் கிரேக்கர்கள் அந்த வடிவத்தைத்தான் சொன்னார்கள். மத்தேயு 28:13-இல் கல்லறைக் காவற்காரர்கள் ‘நாங்கள் நித்திரைபண்ணுகையில்’ என்று சொல்லச் சொல்லிக் கொடுக்கப்படுகிறார்களே, அதுவும் இதே வினைதான். அவர்களை யார் தாலாட்டினார்கள்?

கிரேக்கத்திலிருந்து தமிழுக்குப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்து சீகன்பால்கு அச்சில் ஏற்றியது உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில், 1715-இல். அங்கே அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

—

நாகை உப்புக்காற்று:

வாத்தியார் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. நாங்கள் கத்தோலிக்கர்கள், வீட்டில் இருப்பது திருவிவிலியம். அதில் “பாவத்துக்குக் கிடைக்கும் கூலி சாவு” என்றே பச்சையாக இருக்கும். சின்ன வயதில் எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பிடித்துப்போயிற்று என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் நித்திரை என்று பேசவில்லை. வேளாங்கண்ணியில் குழியில் பெயர் தெரியாமல் வரிசையாக வைத்தார்கள். சாவு என்று சொன்னால்தான் வாயிலிருந்து சத்தம் வந்தது. ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கும்போது ஒன்று அதிகமாக வாங்குவேன்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியதில் பிரிந்துபோக ஆசை என்று ஒரு இடம் வருமே, அதுவும் சாவுதானே? அதற்கு என்ன வார்த்தை? ‘பிரிவு’ அங்கேயிருந்து வந்திருக்குமோ?

—

மாயவரத்து வாத்தியார்:

அம்மா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். பிலிப்பியர் 1:23, “தேகத்தைவிட்டுப் பிரிந்து”. அங்கே தானத்தோஸ் இல்லை. அனலுசாய். கட்டை அவிழ்த்தல். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்புவதற்கும், கப்பல் கட்டவிழ்த்துப் புறப்படுவதற்கும் கிரேக்கர்கள் இதைச் சொன்னார்கள். ‘தேகத்தைவிட்டு’ என்பது மூலத்தில் கிடையாது, பொருள் விளங்க நம்மவர்கள் சேர்த்தது. பிரிவு என்று பேச வேண்டுமானால் இந்த வசனத்தை வைத்துப் பேசலாம்.

—

நாகை உப்புக்காற்று:

கட்டவிழ்த்துப் புறப்படுவதா! எங்கள் தாத்தா விடியற்காலையில் வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்கும்போது யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, கை தானாக எழுதிவிட்டது.

கடைமடைக்காரன் தம்பி, ஒன்றே ஒன்று. எங்கள் புத்தகத்தில் “சாவே, உன் வெற்றி எங்கே? சாவே, உன் கொடுக்கு எங்கே?” என்று இருக்கும். உங்கள் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். கல்லில் வைக்க அது நன்றாக இருக்கும்.

—

கடைமடைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

நாகை அக்கா சொன்ன வசனம் எங்கள் புத்தகத்தில் “மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?” என்று இருக்கிறது. கூர் என்றால் கத்தியின் கூர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஐயா, அது என்ன வார்த்தை?

—

மாயவரத்து வாத்தியார்:

கெந்த்ரோன். தேள் கொடுக்குக்கும் அதே சொல், மாட்டைக் குத்தி ஓட்டும் கோலின் முள்ளுக்கும் அதே சொல். பவுலிடம் “முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்” என்று சொல்லப்பட்டதே, அந்த முள்ளும் இதுதான். அதனால் ஒரு புத்தகத்தில் கொடுக்கு, இன்னொன்றில் கூர். ‘சாவே’ என்று இரண்டு தரம் வருவது பழைய கைப்பிரதிகளில் இருக்கிற பாடம். நம் பழைய மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான பாடத்தில் இரண்டாவது இடத்தில் பாதாளம்.

—

கடைமடைக்காரன்:

தார்க்குச்சியா!

அப்பாவுடையது பரணில் இருந்தது. இப்போதுதான் இறக்கிப் பார்த்தேன். மூங்கில் கழி, நுனியில் ஆணியை அடித்துத் தலையை அரத்தால் ராவியிருக்கிறார். பிடிக்கிற இடம் வழுவழுவென்று கறுத்துப்போயிருக்கிறது. ஆணி துருப்பிடித்து மொட்டையாகிவிட்டது, விரலை வைத்து அழுத்தினாலும் இறங்கவில்லை. கடைசி ஜோடி மாட்டை விற்றே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதற்குப் பிறகு டிராக்டர்தான்.

அம்மா என்னடா பரணில் உருட்டுகிறாய் என்று வந்தார். வாத்தியார் ஐயா எழுதியதை எல்லாம் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். தானத்தோஸுக்கு ‘ம்’ கொட்டினார். ஹோமருக்கு ஒன்றும் சொல்லவில்லை. லாசரு இடத்தில் “தெரியும், மேல படி” என்றார். அந்தக் கண்ணி வந்தது பாருங்கள், தூங்க வைக்கப்பட்டார், அங்கே நிறுத்தச் சொன்னார்.

“அவரா தூங்கலையா? யாரோ தூங்க வெச்சாங்களா?”

“அப்படி எடுத்துக்கக் கூடாதுன்னு வாத்தியார் சொல்றாரும்மா. சும்மா தூங்குறதுக்கும் அதே வார்த்தைதானாம்.”

“வாத்தியார் நல்லா இருக்கட்டும். தானா தூங்குற மனுசன் இல்ல அவரு. யாராவது மம்புட்டியைப் புடுங்கி வெச்சிட்டுப் படுக்க வெச்சாத்தான் உண்டு. அப்படின்னா அதையே போடு.”

மன்னிக்க வேண்டும் ஐயா. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைத்தான் அம்மா பிடித்துக்கொண்டார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு அவர் கேட்டபடியே “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று சொல்லிவிட்டேன், 17 எழுத்து. அதற்குக் கீழே என் பங்குக்கு “மரணமே! உன் கூர் எங்கே?” என்று வைக்கச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சரி என்றார். பாதாளத்துக்குக் கல்லில் இடம் இல்லை.

கல் வெட்டுகிறவர் இரண்டாவது வரியை விரல் விட்டு எண்ணி 11 எழுத்து என்றார். ஆச்சரியக்குறிக்கும் கேள்விக்குறிக்கும் காசு உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் எழுத்தில்லை, சும்மா வெட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.